கையெழுத்துக்கு முன்னால்: பெற்றோர் முடிவை அளக்கும் இரண்டு அளவுகோல்கள்

2009 ஜூலையில், அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தின் மூன்று மண்டலங்களில், 10 முதல் 14 வயதுள்ள ஏறத்தாழ 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. குஜராத்தின் வடோதராவிலும் இதே திட்டம் நடந்தது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு இரண்டையும் நிறுத்தியது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்ததாக எழுந்த செய்திதான் காரணம். விசாரணைக் குழு பார்த்தபோது, நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று அந்த இறப்புகளுக்கு வேறு வேறு காரணங்கள் இருந்தன. ஊசியோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் அதே குழு பெற்றோரின் இசைவுப் படிவங்களையும் எண்ணியது. ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, விடுதிக் காப்பாளர்.

எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால், நிறுத்தப்படும் நாள் வரை கம்மத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கணக்குக்குள் பல வீடுகளில் முடிவு என்ற ஒன்று நடக்கவே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. பெற்றோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை முறையாக அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி இப்போது வாசலில் நிற்கிறது. 2025 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. 80,000 பேர் வரை இறக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் காரணம் எச்.பி.வி. என்னும் ஒரே வைரஸ் குடும்பம். அதைக் கண்டு சொன்ன ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு தெளிவான காரணமும், இவ்வளவு நல்ல தடுப்பும் உள்ள புற்றுநோய் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சி நிற்பது வீட்டுக்குள் நடக்கும் பேச்சுதான்.

அந்தப் பேச்சை அளக்க இன்று உலகில் பல படிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் இரண்டை எடுத்து, தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தை மனத்தில் வைத்து அருகருகே பார்க்கிறேன். நாசரேத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கும் இந்தச் சிற்றூரில் 1870-லிருந்தே தூய லூக்கா மருத்துவமனை இருக்கிறது. கனோன் மர்காசிஸ் 1876-இல் வந்து 1908-இல் இறக்கும்வரை இங்கே கல்வியையும் மருத்துவத்தையும் வளர்த்தார். பெண் பிள்ளைகள் படிப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வழக்கம். ஆகவே 'படிப்பறிவு இல்லாததால் ஊசிக்குப் பயப்படுகிறார்கள்' என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது. சுற்றிலும் பனங்காடும் தேரி மணலும். கிழக்கே போனால் காயல்பட்டினம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று முத்துக்குளித்த கடற்கரை. ஒரே பேருந்துத் தடத்தில் சீர்திருத்தச் சபைக் குடும்பம், கத்தோலிக்க மீனவக் குடும்பம், முஸ்லிம் வணிகக் குடும்பம், கோயில் கொடை நடத்தும் இந்துக் குடும்பம் எல்லாம் உண்டு. மூன்று வகை வீடுகளிலாவது அப்பா வெளியூரில் இருப்பார்: சென்னையிலோ மும்பையிலோ கடை, வளைகுடாவில் வேலை, கடலில் தொழில்.

முதல் அளவுகோல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவானது. 2010-இல் வெளியான அதற்குக் கரோலினா எச்.பி.வி. மனப்பான்மை அளவுகோல் என்று பெயர். 10 முதல் 18 வயது வரையிலான பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே செய்தது. பதினாறு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள், அல்லது எவ்வளவு கடினம் என நினைக்கிறீர்கள் என்று படிநிலையில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதினாறையும் நான்கு கூறாகப் பிரித்திருக்கிறார்கள்: ஊசியால் தீங்கு வருமென்ற எண்ணம், ஊசி பெறுவதில் உள்ள தடைகள், ஊசி பயன் தருமென்ற நம்பிக்கை, போதிய தகவல் இல்லாத தயக்கம்.

இரண்டாவது உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. தடுப்பூசிக்கான நடத்தை, சமூகக் காரணிகளை அளக்கும் கருவி. ஜெனீவா படிவம் என்று இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். இதிலும் நான்கு கூறுகள்தான்; ஆனால் அவை வேறு. பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், உணர்கிறார்கள் என்பது முதல் கூறு மட்டுமே. சுற்றியிருப்பவர் என்ன சொல்கிறார்கள் என்பது இரண்டாவது. போட வேண்டுமென்ற விருப்பம் மூன்றாவது. எங்கே போவது, என்ன செலவு, யார் கூட்டிப்போவது என்ற நடைமுறை நான்காவது. முதல் இரண்டும் சேர்ந்து விருப்பத்தை உண்டாக்கும். விருப்பம் ஊசியாக மாறுமா என்பதை நான்காவது தீர்மானிக்கும் என்பது இதன் வரைபடம்.

இரண்டிலும் ஒரே ஆளின் கை இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் நோயல் புரூவர் கரோலினா அளவுகோலை உருவாக்கிய குழுவில் ஒருவர். ஜெனீவா படிவத்தை வடித்த பணிக்குழுவுக்குத் தலைவரும் அவரே. நடுவில், 2017-இல், அவரும் வேறு சில ஆய்வாளர்களும் சேர்ந்து தடுப்பூசி பற்றிய உளவியல் ஆய்வுகளைத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். மனத்தை மாற்ற முயலும் திட்டங்கள் குறைவாகவே பலன் தந்தன. ஏற்கெனவே இருக்கும் விருப்பத்துக்கு வழிவிட்ட திட்டங்கள் அதிகம் பலன் தந்தன என்பது அதன் முடிவு. மனத்தை அளக்கும் கருவியில் பங்கெடுத்த ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டையும் வழியையும் சேர்த்து அளக்கும் கருவிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இனி நாசரேத்து வீட்டுக்குள் போவோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். எதிரில் படிவத்தோடு நர்சம்மா. கரோலினா அளவுகோலின் முதல் கூறு ஊசியின் தீங்கைப் பற்றியது. காய்ச்சல் வருமா, நாள்பட்ட கோளாறு வருமா, மருந்துக் கம்பெனி லாபத்துக்காகத் தள்ளிவிடும் ஊசியா, இதைப் போட்டால் பிள்ளை தவறான வழியில் போவாளா என்ற ரீதியில் கேள்விகள் போகும். கடைசிக் கேள்வி அங்கே அமெரிக்காவில் வெளிப்படையாக நடந்த விவாதத்திலிருந்து வந்தது. இங்கே அதை ஒரு தாயிடம் நேராகக் கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார், பேட்டியே முடிந்துவிடும். நம் பக்கத்துத் தாயின் அச்சம் அதைவிட வேறு இடத்தில் இருக்கிறது. ஊசிக்குரிய வயது, பிள்ளை பெரியவளாகும் வயது. சடங்கு கழிந்து, உறவினர் எல்லாம் கூடிச் சீர் செய்துவிட்டுப் போன வீடு. 'நாளைக்குப் பிள்ளைப்பேறுக்கு ஏதும் ஆயிருமோ' என்பதே அங்கே எழும் கேள்வி. கரோலினா அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் தீங்கு என்ற கூறை வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள கூற்றுகளை இந்த அச்சத்தைக் கொண்டு புதிதாக எழுத வேண்டும். இல்லையென்றால் எதை அளக்கிறோம் என்று தெரியாமலே ஒரு சராசரி கிடைக்கும்.

தடைகள் என்ற கூறுக்கும் இதே கதி. அந்த அளவுகோல் பிறந்தபோது ஊசி ஆறு மாதத்துக்குள் மூன்று தவணை. தனியார் மருத்துவரிடம் போக வேண்டும். காப்பீடு பணம் தருமா என்று பார்க்க வேண்டும். இன்று நிலைமை மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. புற்றுநோய் ஆய்வாளர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2009-இல் இந்தியாவின் பல இடங்களில் ஒரு தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. அவற்றில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கை. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதுதான் திட்டம். கம்மம் விவகாரத்தில் 2010-இல் நாடு முழுதும் எச்.பி.வி. ஊசி ஆய்வுகள் நின்றபோது, இந்த ஆய்விலும் ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், ஒரே தவணையே நீடித்த தொற்றை 95 விழுக்காடு தடுத்தது என்று 2021-இல் தெரியவந்தது. உலகம் ஒற்றைத் தவணையை ஏற்றதற்கான முக்கியச் சான்றுகளில் இது ஒன்று. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது. பள்ளியிலேயே, இலவசமாக, ஒரே முறை என்று வந்துவிட்டால் கரோலினாவின் தடைக் கேள்விகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

இலவசம் வராத இடத்தில் தடை என்பது மனப்பான்மையே அல்ல. 2022-இல் அனுமதி பெற்று அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த இந்தியத் தயாரிப்பான செர்வாவேக் அப்போது ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆறு நாள் கூலியை ஒரு ஊசிக்குக் கொடுக்கத் தயங்கும் தாயைத் 'தடுப்பூசித் தயக்கம் உள்ளவர்' என்ற பட்டியலில் எழுதுவது அநியாயம். கரோலினா அளவுகோலின் ஆசிரியர்கள் தடையைத் தனிக் கூறாகத்தான் வைத்தார்கள். ஆனால் இந்தியாவில் பல ஆய்வுகள் கடைசியில் ஏற்பார், மறுப்பார் என்று இரண்டே பெட்டியில் போட்டு விழுக்காடு சொல்லி முடித்துவிடுகின்றன. காசு இல்லாதவரும் நம்பிக்கை இல்லாதவரும் அங்கே ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

ஜெனீவா படிவம் இந்த இடத்தில் நமக்கு நெருங்கி வருகிறது. உங்கள் நெருங்கிய குடும்பத்தாரும் நண்பர்களும் பிள்ளைக்கு ஊசி போடுவதை விரும்புவார்களா என்பது அதன் முதன்மைக் கேள்விகளில் ஒன்று. நம் பக்கம் கேட்கும் பதிலைப் பாருங்கள். 'எனக்குச் சம்மதந்தான் சிஸ்டர், அவுக அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்.' இது தயக்கமும் அல்ல, மறுப்பும் அல்ல. முடிவு இன்னொருவர் கையில் இருக்கிறது என்ற தகவல். கரோலினா அளவுகோலில் இந்தத் தாய் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்குவார். ஆனாலும் ஊசி போடும் நாளில் மகள் வரிசையில் நிற்க மாட்டாள், ஏனென்றால் அப்பா இரவுப் பணி முடிந்து வாட்ஸ்அப்பில் அழைத்தபோது 'நான் ஊருக்கு வந்தபிறகு பார்க்கலாம்' என்று சொல்லியிருப்பார். அந்த அழைப்பை அளக்காத படிவம் இந்தக் கடற்கரையில் முடிவை அளந்ததாகாது.

அப்பா மட்டுமல்ல. வீட்டில் ஆச்சி இருப்பார். அவர் சொல் பேத்தியின் உடம்பு விஷயத்தில் பெரிது. ஞாயிறு ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் ஒரு வரி அறிவித்தால் அதன் எடை வேறு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது ஒருவர் தன் மகளுக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னால், எந்தத் துண்டறிக்கையும் செய்யாததை அது செய்யும். மீனவர் ஊரில் பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும், காயல்பட்டினத்தில் ஜமாஅத்தும் பெண்கள் மதரஸாவும் இதே இடத்தில் நிற்கின்றன. கரோலினா அளவுகோலிலும் மற்ற பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கூற்று இருக்கிறது; ஆனால் பதினாறில் ஒன்றாக, தகவல் தயக்கத்தின் ஓரத்தில் கிடக்கிறது. ஜெனீவாவில் அது ஒரு முழுக் கூறு.

முத்துக்குளித்த காலத்தில், அரசு குளிப்பை அறிவிக்குமுன் சிப்பி விளையும் கடலடிப் பாரிலிருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரும். திறந்து, முத்தின் மதிப்பைக் கணித்துப் பார்த்த பிறகே தேதி குறிக்கும். அந்த மாதிரி சிப்பிக்குள் இருப்பதைச் சொல்லுமே தவிர, குறித்த நாளில் காற்றும் நீரோட்டமும் எப்படி இருக்கும், எத்தனை குளியாட்கள் வருவார்கள் என்று சொல்லாது. கரோலினா அளவுகோலின் எல்லையும் அதுதான்.

இந்தக் கணிப்பை உரசிப் பார்க்க நாட்டுக்குள்ளேயே ஓர் இடம் உண்டு. சிக்கிம் 2018-இல் 9 முதல் 14 வயதுச் சிறுமிகள் 25,000-க்கு மேற்பட்டோருக்குப் பள்ளிகள் வழியாக இந்த ஊசியைப் போட்டது. இலக்கில் 95 விழுக்காட்டுக்கு மேல் எட்டியது. கம்மத்தின் நிழல் நாடு முழுதும் படர்ந்திருந்த காலம் அது. நாடாளுமன்ற நிலைக்குழு கம்மத்தைக் கடுமையாகச் சாடி அறிக்கை கொடுத்து ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. சிக்கிம் பெற்றோரின் மனத்தில் மட்டும் ஐயமே இல்லை என்று நினைக்க நியாயமில்லை. அங்கே கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உழைத்தன; முன்கூட்டியே பெற்றோரிடம் பேசின; ஊசி பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்தது. ஜெனீவா படிவத்தின் இரண்டாம், நான்காம் கூறுகள் இவை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இலங்கையும் 2017 முதல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே இதைப் போட்டுவருகிறது.

ஆனால் நான் கரோலினாவைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஜப்பான் என்னைத் தடுக்கிறது. அங்கே ஊசி இலவசம், வழி எளிது, தொடக்கத்தில் குறித்த வயதினரில் 70 விழுக்காடு வரை போட்டுக்கொண்டார்கள். ஊசிக்குப்பின் வலி வந்ததாகச் சில சிறுமிகளைப் பற்றிச் செய்திகள் பரவ, 2013 ஜூனில் அரசு தன் பரிந்துரையை முன்னெடுப்பதை நிறுத்திக்கொண்டது. அடுத்தடுத்த வயதினரில் ஊசி போட்டுக்கொண்டவர் அளவு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே விழுந்தது. 2022 ஏப்ரலில்தான் பரிந்துரை மீண்டும் வந்தது. வழி திறந்திருந்தும் தீங்கு பற்றிய அச்சமும் அரசின் மௌனமும் கதவைச் சாத்திவிட்டன. நமக்கே 2017 பிப்ரவரியில் அது நடந்தது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியை 1.76 கோடிக் குழந்தைகளுக்குப் போடத் தமிழ்நாடு கிளம்பியபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திய பெற்றோர் பலர். தடுப்பூசியில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலம் முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் மாறிவிடக்கூடிய அச்சத்தை ஜனவரியில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு பயனில்லை. அதற்குத் தீங்கு, தகவல் தயக்கம் என்ற கரோலினாவின் இரண்டு கூறுகளை மட்டும் சுருக்கி, முகாமுக்கு முன்பும் நடுவிலும் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

இரண்டு படிவங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: யார் கேட்கிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தன் பிரசவத்துக்கு உடனிருந்த நர்சம்மாவே படிவத்தோடு வந்து உட்கார்ந்தால், 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பதுதான் பதில். அது மரியாதை, முடிவாக அதை எழுதிக்கொள்ளக் கூடாது. ஊசி போடுபவரும் கேள்வி கேட்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது இங்கே நுணுக்கமான தேவை அல்ல, அடிப்படைத் தேவை. இன்னொரு குறை, மகளிடம் எந்தப் படிவமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஊசி என்று யாராவது சொன்னார்களா? சொல்லாமல் போட்ட ஊசிக்குப் பிறகு வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்தால், அன்று மாலைக்குள் ஊர் முழுதும் வேறு கதை போய்ச் சேரும்.

ஆகவே என் தீர்ப்பு இது. நாசரேத்திலும் அதைச் சுற்றிய கடற்கரையிலும் அடித்தளமாக ஜெனீவா படிவத்தைக் கொள்ள வேண்டும். கரோலினாவிலிருந்து தீங்கையும் தயக்கத்தையும் எடுத்து, கூற்றுகளை இவ்வூர்ப் பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதிச் சேர்க்க வேண்டும். இரண்டு கேள்விகளை எந்த வீட்டிலும் விடாமல் கேட்க வேண்டும்: இந்த வீட்டில் கடைசிச் சொல் யாருடையது, அவரிடம் பேசியாகிவிட்டதா? மகளுக்கு விவரம் சொல்லியாகிவிட்டதா? பிறகு, தாய் சொன்ன பதிலைப் பள்ளியின் தடுப்பூசிப் பதிவேட்டோடு பெயர் வெளிவராதபடி ஒத்துப் பார்க்க வேண்டும். 'போடுவேன்' என்றவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்பது தெரியாதவரை எந்த அளவுகோலும் சோதிக்கப்படாத அளவுகோல்தான்.

படிவத்தோடு ஒரு வீட்டுக்குப் போகும் நாளை அந்தத் தாய்க்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. நம் எண் நாட்டின் எண்ணைவிடப் பல மடங்கு மேல்தான், இருந்தும் பத்தில் ஒன்பது தாய்மார் விடுபட்டிருக்கிறார்கள். மகளின் ஊசியைப் பற்றிக் கேட்கப் போகிறவர், 'உங்களுக்குப் பரிசோதனை ஆச்சா அக்கா' என்றும் கேட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது எந்த நாளில் நடக்கிறது என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

தமிழில் இந்த ஆய்வுக்குப் படிவம் தயாரிக்கும் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்த கையோடு களத்துக்குப் போகாதீர்கள். முதலில் பத்துப் பதினைந்து தாய்மாரிடமும், தொலைபேசியில் சில அப்பாக்களிடமும், ஆச்சிகள் சிலரிடமும் பேசிப் பாருங்கள். உங்கள் படிவத்தில் இடமில்லாத பதில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியை அங்கிருந்து எழுதுங்கள்.